தாய்லாந்தில் ஏஜென்சி சம்பளம் தராமல் இழுத்தடிக்கிறது, வேலையை விட்டால் விசா என்ன ஆகும்?

கொராட்_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஊர் தூத்துக்குடி பக்கம். எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டு ஒரு மெட்ரிக் பள்ளியில் 3 வருடம் வேலை பார்த்தேன், கைக்கு வந்தது மாதம் 14,000 ரூபாய். அப்புறம் டோயிக் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதி 600-க்கு மேல் வாங்கி, இந்த மே மாதம் தாய்லாந்து வந்தேன். நாக்கோன் ராட்சசிமா மாகாணம், இங்கே எல்லோரும் கொராட் என்றுதான் சொல்கிறார்கள். அரசு தொடக்கப் பள்ளி. ஆனால் என்னை வேலைக்கு எடுத்தது பள்ளி இல்லை, பாங்காக்கில் இருக்கிற ஒரு ஏஜென்சி. பள்ளி அவர்களுக்குப் பணம் கொடுக்கும், அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு எனக்குச் சம்பளம் போடுவார்கள். ஒப்பந்தம் அடுத்த மார்ச் கடைசி வரை, சம்பளம் 22,000 பாட்.

மே, ஜூன் சம்பளம் ஒரு வாரம் தள்ளி வந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். ஜூலை சம்பளத்தில் 10,000 மட்டும் ஆகஸ்ட் 19-ம் தேதி வந்தது, மீதி 12,000 வரவில்லை. ஆகஸ்ட் சம்பளம் மொத்தமும் வரவில்லை, இன்றைக்குச் செப்டம்பர் 14. இது போக, முதல் இரண்டு மாதமும் மாதம் 4,500 வீதம் டெபாசிட் என்று சொல்லிப் பிடித்துவைத்திருக்கிறார்கள், அது ஒரு 9,000. ஆக மொத்தம் 43,000 பாட், நம்ம பணத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல். லைன் செயலியில் மெசேஜ் போட்டுக் கேட்டால் "நாளைக்கு" என்று பதில் வரும், கூடவே கை கூப்பி நிற்கிற கரடி பொம்மை ஸ்டிக்கர் ஒன்று. அந்தக் கரடியை இந்த மாதம் மட்டும் பதினோரு தடவை பார்த்துவிட்டேன்.

போன வாரம் கொஞ்சம் கடுமையாகக் கேட்டதற்கு, ஒப்பந்தம் முடியும் முன் போனால் 20,000 பாட் அபராதம் கட்ட வேண்டும், குடியேற்ற அலுவலகத்தில் சொல்லிக் கருப்புப் பட்டியலில் போட்டுவிடுவோம் என்கிறார்கள். விசா நீட்டிப்பும் ஒர்க் பெர்மிட்டும் அந்த ஏஜென்சி பெயரில்தான் இருக்கின்றன.

பக்கத்து ஊரில் ஒரு தனியார் பள்ளி நவம்பரில் இருந்து என்னை எடுத்துக்கொள்ளத் தயார், நேரடி வேலை, 25,000 பாட். நான் இங்கே வருவதற்கு அப்பா அம்மாவின் வளையல் இரண்டையும் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார், அந்த வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நாளையிலிருந்து பள்ளிக்குப் போவதை நிறுத்திவிடலாமா? அப்படி நிறுத்தினால் விசா என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாங்காக்_9_வருஷம்

தங்கச்சி, முதலில் ஒன்று. பள்ளிக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். இந்த நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து 3 வேலை நாள் வராவிட்டால் இழப்பீடு எதுவும் தராமல் வேலையை விட்டு நீக்கலாம் என்று இருக்கிறது. இப்போது தப்பு முழுக்க அவர்கள் பக்கம், நீங்கள் மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்தால் "அவள்தான் ஓடிப்போனாள்" என்று அவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு வழி விடாதீர்கள்.

விசா விஷயம் இப்படி. உங்கள் தங்கும் அனுமதி இந்த வேலையின் பேரில் கொடுத்தது, வேலை எந்தத் தேதியில் முடிகிறதோ அன்றோடு அனுமதியும் முடிகிறது. பாஸ்போர்ட் முத்திரையில் மார்ச் என்று போட்டிருக்கிறதே என்று நம்பி இருந்துவிடக் கூடாது, இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை முடிகிற நாளில் குடியேற்ற அலுவலகம் போய் 1,900 பாட் கட்டினால் 7 நாள் தருவார்கள். அதைத் தாண்டினால் ஒரு நாளுக்கு 500 பாட் அபராதம். அதனால் எந்தத் தேதியில் வெளியே வருவது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும், கோபத்தில் அந்தத் தேதியை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

கருப்புப் பட்டியல் என்பது வெறும் மிரட்டல். வேலையாள் விலகிவிட்டார் என்று நிறுவனம் தெரிவிப்பது வழக்கமான நடைமுறை, அதைத் தாண்டி யாரையும் நாட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிற அதிகாரம் எந்த ஏஜென்சிக்கும் கிடையாது. 20,000 அபராதமும் அப்படித்தான். சம்பளத்தில் இருந்து எதைப் பிடிக்கலாம் என்று சட்டம் கணக்காகச் சொல்லியிருக்கிறது, வரி மாதிரி சில இனங்கள்தான், இந்த அபராதம் அதில் வராது. அவர்கள் வழக்குப் போட்டாலும், நியாயமில்லாத நிபந்தனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதுவும் சம்பளமே கொடுக்காத ஆள் போய் அந்த நிபந்தனையைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். பாஸ்போர்ட்டும் ஒர்க் பெர்மிட்டும் உங்கள் கையில் இருக்கின்றனவா, அவர்களிடமா? பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்துவைப்பது இந்த நாட்டிலும் குற்றம்.

விட்டுவிட்டு_வந்தவள்

உங்கள் பதிவைப் படித்ததும் கையெல்லாம் நடுங்கிவிட்டது, என் கதை அப்படியே இருக்கிறது, ஆனால் நான் செய்தது அத்தனையும் தப்பு, அதனால் எழுதுகிறேன்.

நான் 2018-ல் போனேன், தென்பகுதியில் ஒரு மொழிப் பயிற்சி மையம். சுற்றுலா விசாவில் வா, வந்ததும் மாற்றித் தருகிறோம் என்றார்கள். நான்கு மாதம் மாற்றவே இல்லை, எல்லை வரை போய் முத்திரை வாங்கி வா என்று வேனில் ஏற்றி அனுப்புவார்கள். மூன்றாவது மாதத்தில் சம்பளம் நின்றது. புகார் கொடுக்கலாம் என்றால், ஒர்க் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ததற்கு எனக்கே 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அப்புறம் 2 வருடத்துக்கு ஒர்க் பெர்மிட் கிடையாது என்று அந்த மைய மேலாளரே சட்டத்தைப் பிரிண்ட் எடுத்து என் மேசையில் வைத்தார். அதே தாளில் அடுத்த வரியில், பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தவருக்கு ஓர் ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 வரை அபராதம் என்று இருந்திருக்கிறது. அந்த வரியை நான் படித்தது மதுரைக்குத் திரும்பி வந்து ஒரு வருடம் கழித்து.

பயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கையில் ஒரு தாள் இல்லை, எத்தனை நாள் வேலை பார்த்தேன் என்பதற்கு ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. இரண்டு மாதச் சம்பளம் போனது போனதுதான்.

உங்களிடம் பெர்மிட் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, நீங்கள் பலமான இடத்தில் நிற்கிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள் அம்மா.

உடோன்_வாத்தியார்

நான் 2 வருடம் முன்னால் இதே மாதிரி ஓர் ஏஜென்சியிடம் 31,000 பாட் வாங்கினேன், அதனால் படிப்படியாக எழுதுகிறேன்.

நிறையப் பேர் தப்பான அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஒர்க் பெர்மிட் கொடுக்கிற அலுவலகம் வேறு, அதற்கு ஜத்ஹா ங்கான் என்று பெயர், அங்கே போய் சம்பளக் கதையைச் சொன்னால் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் போக வேண்டியது தொழிலாளர் நலன் மற்றும் பாதுகாப்பு அலுவலகம், அவர்கள் மொழியில் சவத்திகான் லே கும்க்ரோங் ரேங்கான். ஒவ்வொரு மாகாணத் தலைநகரிலும் உண்டு, கொராட் நகரிலும் இருக்கிறது. போகும்முன் 1546-க்குப் போன் செய்து கேளுங்கள், அது அந்தத் துறையின் உதவி எண். அங்கே போய் "கோ ரோ 7" படிவம் வேண்டும் என்று கேளுங்கள், சம்பள பாக்கிப் புகாருக்கு அதுதான். ஒரு பைசா கட்டணம் இல்லை. படிவம் அவர்கள் மொழியில் இருக்கும், உங்கள் பள்ளியில் நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

என்னோடு வந்தது எங்கள் பள்ளி நூலகர், ஐம்பத்தைந்து வயது அம்மா. இங்கே கிரெங் ஜாய் என்று ஒரு பழக்கம், அடுத்தவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்று எதையும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், அதனால் அவர் வருவாரா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் என் பாஸ்புக்கைக் கையில் வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து, வெறுமையாக இருந்த மாதத்தில் நிறுத்தி, "இந்த மாதம் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். மறுநாள் காலையில் அவரே ஸ்கூட்டரில் வந்து நின்றார்.

எடுத்துப் போக வேண்டியது: ஒப்பந்தம், பாஸ்போர்ட், ஒர்க் பெர்மிட், வங்கியில் மெஷினில் வைத்துப் புதுப்பித்த பாஸ்புக், லைன் உரையாடல் முழுவதும் தேதியோடு பிரிண்ட் எடுத்தது. முக்கியமாக வருகைப் பதிவு. காலையில் கொடியேற்றத்துக்கு முன் கையெழுத்துப் போடுகிற நோட்டு இருக்கும் இல்லையா, மே 16-ல் இருந்து உங்கள் கையெழுத்து இருக்கிற எல்லாப் பக்கத்தையும் இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். விரல் ரேகை மெஷின் என்றால் அலுவலகத்தில் ஒரு பிரதி கேளுங்கள். நான் நாற்பத்திரண்டு பக்கம் படம் எடுத்தேன், அதிகாரி அதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சட்டப்படி தாமதமான சம்பளத்துக்கு வருடம் 15 சதவீதம் வட்டி, அது சின்னத் தொகைதான். ஆனால் வேண்டுமென்றே தகுந்த காரணம் இல்லாமல் தராமல் வைத்திருந்தால், கெடு தாண்டி 7 நாள் ஆன பிறகு ஒவ்வொரு 7 நாளுக்கும் பாக்கியில் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். உங்கள் 22,000-க்கு அது வாரம் 3,300 பாட். இதை அதிகாரி போனில் ஏஜென்சியிடம் சொல்லும்போது அந்தப் பக்கம் குரல் மாறுவது இங்கிருந்தே கேட்கும். டெபாசிட் பிடித்ததும் தப்பு, பணம் அல்லது பொருளுக்குப் பொறுப்பேற்கிற மாதிரி வேலைகளுக்குத்தான் அது அனுமதி, ஆசிரியர் வேலைக்கு இல்லை.

அதிகாரி 60 நாளுக்குள் விசாரித்து உத்தரவு போட வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். ஏஜென்சி அந்த உத்தரவை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றம் போனால், உத்தரவில் சொன்ன பணத்தை முதலில் நீதிமன்றத்தில் கட்டிவிட்டுத்தான் வழக்கு நடத்த முடியும். அதனால் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. எனக்கு 19-வது நாளில் பணம் வந்தது.

சியாங்மாய்78

எல்லோரும் புகார் புகார் என்கிறீர்கள், நான் வேறு மாதிரி சொல்கிறேன். வந்திருப்பது வெளிநாடு, ஒற்றை ஆள், அதுவும் பெண். ஆசிரியர் ஏஜென்சிகள் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்கள். 43,000-க்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அக்டோபர் விடுமுறை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, நவம்பரில் புதுப் பள்ளிக்குப் போய்விடுங்கள். அங்கே நிம்மதியாக வேலை பார்த்தால் இந்தப் பணம் இரண்டு மாதத்தில் வந்துவிடும்.

பாங்காக்_9_வருஷம்

அண்ணே, நீங்கள் அக்கறையில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஏஜென்சியின் பங்கு போகத்தான் இந்தப் பிள்ளைக்கு 22,000. ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக்காரருக்கு இதே வேலைக்குக் கூடச் சம்பளம் கிடைக்கும், பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் நமக்கும் குறைவாகத்தான் தருவார்கள். அதிலும் பாதியை வைத்துக்கொண்டால் என்ன நியாயம்? இந்தப் பிள்ளை பேசாமல் போனால், நவம்பரில் அதே வகுப்பறைக்கு இன்னொரு பிள்ளையைக் கூட்டி வந்து அதையே செய்வார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டிலும் ஏதாவது அடகில் இருக்கும்.

பெயர் கெடும் என்பதும் சரியில்லை. புதுப் பள்ளி நேரடி வேலை, எந்த ஏஜென்சியிடமும் கேட்கப் போவதில்லை.

தங்கச்சி, ஒரு விளக்கம். உங்களை எடுத்தது ஒரு கம்பெனி, அதனால் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் நேராகப் பொருந்தும். நாளைக்குத் தனியார் பள்ளியில் சேர்ந்தால் கணக்கு மாறும், முறைசார் தனியார் பள்ளி ஆசிரியர்கள் 2007-ன் தனியார் பள்ளிச் சட்டத்தின் கீழ் வருவார்கள். சலுகைகள் தொழிலாளர் சட்டத்தைவிடக் குறையக் கூடாது என்று அதில் இருக்கிறது, ஆனால் சிக்கல் வந்தால் போக வேண்டிய இடம் கல்வித் துறை. இதைத் தெரிந்துகொண்டு அந்த ஒப்பந்தத்தைப் படியுங்கள், ஏப்ரல் சம்பளம் உண்டா, 10 மாத ஒப்பந்தமா 12 மாதமா என்று பாருங்கள்.

இன்னொன்று, சம்பளத்தில் சமூகப் பாதுகாப்புக்கு 5 சதவீதம் பிடித்திருந்தால், அதைக் கட்டினார்களா என்று அந்த அலுவலகத்தில் பாஸ்போர்ட் காட்டிக் கேளுங்கள், எண் 1506. பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அப்படி என்றால் நீங்கள் மருத்துவமனைக்குப் போகும்போதுதான் தெரியவரும்.

கொராட்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பாஸ்போர்ட்டும் ஒர்க் பெர்மிட்டும் என்னிடமே இருக்கின்றன. நோட்டில் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன், நான்காம் வகுப்பு ஆசிரியை பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார், மறைக்காமல் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, மதியம் ஒரு டப்பாவில் சோறும் வறுத்த மீனும் என் மேசையில் இருந்தன. புதன்கிழமை என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கொராட்_டீச்சர்

இன்றைக்குச் செப்டம்பர் 28. என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

அலுவலகம் போனோம். படிவம் நிரப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது, அந்த அக்காதான் எழுதினார், நான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். பெண் அதிகாரி என் முன்னாலேயே ஏஜென்சிக்குப் போன் செய்தார். சத்தமே போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் தேதியும் தொகையும் மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று மாலை 6 மணிக்கு ஏஜென்சியில் இருந்து எனக்கே போன், ஏன் எங்களிடம் சொல்லவில்லை, பேசித் தீர்த்திருக்கலாமே என்றார்கள். எழுத்தில் அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன், கை நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன்.

22-ம் தேதி 12,000 வந்தது. 26-ம் தேதி 22,000 வந்தது. அன்றைக்கே வீட்டுக்குப் பணம் அனுப்பினேன், அப்பாவிடம் வட்டி கட்டச் சொன்னேன், நடந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாப்பிட்டியாம்மா என்றுதான் கேட்டார்.

டெபாசிட் 9,000 இன்னும் வரவில்லை. எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாள் அனுப்பி, கையெழுத்துப் போட்டால் டெபாசிட் தருகிறோம் என்கிறார்கள். போடலாமா? ராஜினாமா எந்தத் தேதியில் கொடுப்பது? ஒப்பந்தத்தில் 30 நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறது, முதல் பருவம் அக்டோபர் 10-ல் முடிகிறது, புதுப் பள்ளியில் நவம்பர் 1 வரச் சொல்கிறார்கள்.

உடோன்_வாத்தியார்

ரொம்ப சந்தோஷம்! அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 9,000-ம் வந்து, செப்டம்பர் சம்பளமும் வந்து, பாஸ்புக்கில் இரண்டும் ஏறிய பிறகு, அதுவும் அந்த அதிகாரி முன்னால் என்றால் மட்டும் போடுங்கள். புகாரையும் அதுவரை திரும்பப் பெறாதீர்கள்.

ராஜினாமாவை நாளைக்கே எழுத்தில் கொடுங்கள், கடைசி வேலை நாள் அக்டோபர் 31 என்று தெளிவாகக் குறிப்பிட்டு. மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை மாதமான அக்டோபருக்கு முழுச் சம்பளமா பாதியா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பாதி என்று போட்டிருக்கிற ஏஜென்சிகள் உண்டு. வேலை பார்த்த காலமும் வேலையின் தன்மையும் குறிப்பிட்ட சான்றிதழ் கேளுங்கள், அதைப் பெறுவது இந்த நாட்டுச் சிவில் சட்டப்படி உங்கள் உரிமை, புதுப் பள்ளி கேட்கும்.

பாங்காக்_9_வருஷம்

விசாவுக்கு: புதுப் பள்ளி தன் காகிதங்களை எல்லாம் அக்டோபர் நடுவிலேயே தயார் செய்து கொடுத்துவிடுமா என்று இப்போதே கேளுங்கள். கொராட் குடியேற்ற அலுவலகத்தில் பழையதை ரத்து செய்து அதே நாளில் புதியதுக்கு மாற்ற ஒத்துக்கொண்டால் நல்லது, பள்ளி அலுவலரை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் நோங்காய் வரை பஸ், நட்புப் பாலம் தாண்டி லாவோஸில் வியந்தியான், அங்கே இருந்து புது நான்-பி விசாவுக்கு, அதாவது வேலைக்கான விசாவுக்கு, விண்ணப்பம். இப்போது ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் நீங்கள் லாவோஸுக்குள் இருக்கும்போதுதான் செய்ய முடியும், அதனால் நான்கைந்து நாள் தங்கச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். அக்டோபர் 31 இரவுக்குள் எல்லை தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே போய் அந்த 7 நாளை வாங்கிவிடுங்கள்.

நவம்பர் 1-க்குப் பதில் 10-ம் தேதி சேர்கிறேன் என்று பள்ளியிடம் இன்றைக்கே சொல்லி வைத்துவிடுங்கள். புது ஒர்க் பெர்மிட் வரும் வரை வகுப்பில் நிற்கக் கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கொராட்_டீச்சர்

சரி அண்ணா. கடிதம் எழுதிவிட்டேன், நாளைக் காலை முதல் வகுப்புக்கு முன் தபால் நிலையம் போகிறேன். 9,000 வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.